கார்புரேட்டரைக் கழற்றும் முன்: பழைய காரின் பெட்ரோல் கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் பல வீடுகளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் வைத்த வண்டி நிற்கிறது. பழைய மாருதி 800, ஆம்னி, பத்மினி, அம்பாசடர். மாந்தோப்புக்கோ சந்தைக்கோ போக வாரத்தில் ஓரிரு நாள் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் நிழலில் நிற்கும். இப்படி நின்று நின்று ஓடும் வண்டிக்குத்தான் பெட்ரோல் தொல்லை அதிகம். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கும், ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்லோவில் ஓடாமல் அணைந்துவிடும், மேடு ஏறும்போது இருமும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பானெட்டைத் திறந்த கையோடு "கார்புரேட்டர் போச்சு, மாத்திடலாம்" என்பார்கள்.

அதற்கு உடனே தலையாட்டாதீர்கள். கார்புரேட்டர் என்று பழி போடப்படும் கோளாறுகளில் பெரும்பகுதி அதற்கு முன்னால் உள்ள ஹோஸிலோ ஃபில்டரிலோ பம்பிலோ, இல்லையென்றால் இக்னிஷனிலோ இருக்கும். நல்ல கார்புரேட்டரைக் கழற்றி, இருக்கும் கேஸ்கட்டைக் கிழித்து, ஸ்க்ரூவையெல்லாம் திருகிக் கலைத்துவிட்டால் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். பெட்ரோல் டேங்கில் கிளம்பி எந்த வழியாக வருகிறதோ அதே வழியில் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வாருங்கள், கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன்

வெட்டவெளியில் வேலை செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பிலோ சுவிட்சிலோ பற்றும். ஹோஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள், செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டிய சோதனைகளில் மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு தீயணைப்பான், இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் ஏர் ஃபில்டரைத் திறந்து, கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்வதை நம் ஊரில் சாதாரணமாகச் செய்கிறார்கள். எஞ்சின் ஒரு முறை பின்னால் வெடித்தால் நெருப்பு நேராக அந்தப் பாட்டிலுக்கும் கைக்கும் வரும். எவ்வளவு அனுபவசாலி செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

முதல் படி: இக்னிஷனை ஒதுக்கிவிடுங்கள்

பிளக் எல்லாவற்றையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் ஏறக்குறைய சரியான கலவையில் எரிகின்றன. கரிபோல உலர்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. ஒரே ஒரு பிளக் மட்டும் கருப்பாக நனைந்திருந்தால் அது பெரும்பாலும் அந்த சிலிண்டரின் பிளக், வயர், அல்லது கம்ப்ரஷன் கோளாறு, ஏனென்றால் கார்புரேட்டர் எல்லா சிலிண்டருக்கும் பொதுவானது.

பத்மினி, அம்பாசடர் போன்ற பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக கரண்டைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி, கண்டன்சர், டைமிங் மூன்றையும் சரிபார்க்காமல் மேலே போக வேண்டாம். கண்டன்சர் பலவீனமானால் வரும் மிஸ்ஸிங், பெட்ரோல் அடைப்பால் வரும் மிஸ்ஸிங் போலவே இருக்கும், கேட்பவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏர் ஃபில்டரையும் இப்போதே பாருங்கள். கிரானைட் லாரிகள் ஓடும் சாலைப் பக்கம் வீடு இருந்தால் அது சீக்கிரமே புழுதியில் அடைந்துவிடும், அடைத்த ஏர் ஃபில்டரும் கரும்புகை தரும்.

இரண்டாம் படி: சோக்கும் கண்ணும் சொல்வது

கருவி எதுவும் தேவைப்படாத இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இவை தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போது, காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். இழுத்ததும் ஓட்டம் சீரானால் எஞ்சினுக்கு பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ கள்ளக்காற்று (கார்புரேட்டர் வாய் வழியாக வராமல் இடுக்கில் புகும் காற்று) நுழைகிறது. இழுத்ததும் இன்னும் மோசமாகித் திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் (மிதவை), நீடில் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல், ஸ்லோவில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவது இருட்டில் தடவுவதுதான்.

அடுத்தது, எஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டர் மூடியை எடுத்து, சோக் தகடு திறந்திருக்கும் நிலையில், டார்ச் அடித்து கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். முகத்தைத் தள்ளியே வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் லிவரை ஒரு முறை வேகமாகத் தள்ளினால் பெட்ரோல் கோடுபோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடித்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, ஆக்ஸிலேட்டர் பம்பும் வேலை செய்கிறது. சொட்டுக்கூட வரவில்லையென்றால் கிண்ணம் காலி, அல்லது அந்த பம்பின் டயாபிராம் கிழிந்திருக்கிறது. மாருதி 800 கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதன் நடுவில் உள்ள வட்டக் குறி அளவில் பெட்ரோல் தெரிந்தால் கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய அம்பாசடரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இருந்தால் இந்தப் பீய்ச்சல் வராது, அதில் ஆக்ஸிலேட்டர் பம்ப்பே கிடையாது.

கிண்ணம் காலி என்றால் கார்புரேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்.

மூன்றாம் படி: பம்ப் தள்ளுகிறதா

காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றி ஸ்பார்க் வராமல் செய்துகொள்ளுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை அந்த முனையில் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகளில் காம்ஷாஃப்ட் தள்ளும் டயாபிராம் பம்ப் இருப்பதால் பெட்ரோல் துடித்துத் துடித்து, ஆனால் வலுவாக வர வேண்டும். மெலிதாக ஒழுகினாலோ நுரையும் குமிழியுமாக வந்தாலோ பம்பிலோ அதற்குப் பின்னால் உள்ள லைனிலோ கோளாறு.

பம்பா லைனா என்று பிரிக்க எளிய வழி: பம்பின் உள்வரும் முனையில் ஒரு புது ஹோஸைச் செருகி, அதை நேராக ஒரு சுத்தமான பெட்ரோல் கேனுக்குள் விட்டுச் சோதியுங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்ப் நல்லது, டேங்க் பக்கம்தான் குறை. அப்போதும் வராவிட்டால் பம்பை மாற்றுங்கள், அல்லது பிரிக்கக்கூடிய பழைய மாடலாக இருந்தால் டயாபிராம் கிட் போடுங்கள்.

டயாபிராம் கிழிந்த பம்ப் சில நேரம் வெளியே ஒழுகாது, பெட்ரோலை எஞ்சின் ஆயிலுக்குள் விடும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ அந்த வண்டியை ஓட்டவே கூடாது, பேரிங் தேய்ந்துபோகும். பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. பம்ப் பலவீனம் என்று மின்சார பம்ப் வாங்கிப் போடுகிறார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும், அதை மாட்டினால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் மேலே பொங்கி எஞ்சின் மேல் கொட்டும்.

நான்காம் படி: டேங்க் மூடி, வலை, ஹோஸ்

கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல மூச்சடைத்து நிற்கிறது, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத் துளையோ டேங்கின் காற்றுக் குழாயோ அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமலேயே பம்பும் கார்புரேட்டரும் மாற்றிச் செலவழித்தவர்கள் எத்தனையோ பேர்.

மூடி நன்றாக இருந்தால் ஃபில்டருக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் டேங்க் நோக்கி மெதுவாகக் காற்றடியுங்கள். டேங்கில் குமிழி பொங்கும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேராக வைக்க வேண்டாம், அந்த அழுத்தத்தில் டேங்கின் உள்வலை கிழிந்துவிடும். காற்று போகவே மாட்டேன் என்றால் வலையில் துரு, கசடு. டேங்கை இறக்கித்தான் கழுவ வேண்டும். காலியான டேங்கில் ஓட்டை அடைக்க நேராக வெல்டிங் வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும்.

இனி ஹோஸ். இன்றைக்குப் பழைய வண்டிக்கு வரும் பெரிய சிக்கல் இதுதான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுக்க வழக்கமாகிவிட்டது. உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்தில் ரப்பர் ஹோஸ், டயாபிராம், வாஷர் எதுவும் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்படவில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து உப்ப வைக்கும், காய்ந்த பிறகு அது விரிசல் விடும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்பக்கம் உரிந்து, அந்தக் கருப்புத் துகள்கள் போய் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். டேங்கில் பல வருடமாகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும், அது வந்து ஃபில்டரில் உட்காரும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதியைத்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டி மழைக்காலம் முடிந்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்க இது ஒரு காரணம்.

ஆகவே ஹோஸ் எந்த வருடம் போட்டது என்று தெரியாவிட்டால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். கடையில் சும்மா "பெட்ரோல் டியூப்" என்று கேட்டால் ஒளி ஊடுருவும் மலிவான பிளாஸ்டிக் குழாயைத் தருவார்கள், எஞ்சின் சூட்டில் அது முதலில் இளகி பிறகு கட்டையாகும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைக் கேளுங்கள், அது எத்தனாலைத் தாங்கும் தரம். உள்விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம். பழைய மாடல் கார்புரேட்டர் கிட்டும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸில் விரிசல் இருந்தால் பெட்ரோல் ஒழுகாது, பம்ப் அந்த இடத்தில் காற்றை உறிஞ்சும். ஒழுகல் இல்லை என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஃபில்டர் இருந்தால் எஞ்சின் ஓடும்போது அதில் தொடர்ந்து குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் காற்று நுழைகிறது. ஃபில்டரை மாற்றும்போது அதன் மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்கட்டும். கம்பி சுற்றி முறுக்குவது வேண்டாம், சரியான அளவு கிளிப் போடுங்கள்.

ஐந்தாம் படி: வெயிலும் மேடும்

நம் பகுதியில் இதைத் தனியாகப் பேச வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும்போதோ, ஒகேனக்கல்லில் வண்டியை வெயிலில் போட்டுவிட்டு மதியம் பென்னாகரம் நோக்கி ஏறும்போதோ எஞ்சின் திடீரென்று சோர்ந்து நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பம்ப் உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்பால் ஆவியைத் தள்ள முடியாது.

ஆனால் சூடான இக்னிஷன் காயிலும் அச்சு அசல் இதே அறிகுறியைத் தரும். அதனால் வண்டி நின்ற உடனே, ஆறுவதற்குள், ஒரு பிளக் வயரைக் கழற்றி ஒரு உபரி பிளக்கை மாட்டி, எஞ்சின் உலோகத்தில் வைத்து ஸ்பார்க் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஸ்பார்க் இல்லையென்றால் காயில், இருந்தால் பெட்ரோல் ஆவி.

வழியில் நின்றால் ஈரத்துணியை பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் சுற்றினால் போதும். எஞ்சின் மேல் வாளியால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் இரும்புக் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு அருகில் போகிறதா என்று பார்த்துத் தள்ளி வைத்து, சூடு தாங்கும் உறை போடுங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் கனமான இன்சுலேட்டர் கட்டையை யாராவது எடுத்துவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கோடையில் டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் சரியில்லாமல் எஞ்சினே அதிகமாகச் சூடானால் இதையெல்லாம் செய்தும் பயன் இல்லை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஓடி வந்து நிறுத்திய வண்டி பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் அது வேறு கதை. கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் பொங்கி உள்ளே வழிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல் கொட்டும்.

ஆறாம் படி: இப்போது கார்புரேட்டர்

இதுவரை எல்லாம் சரி, கிண்ணம் நிறைகிறது, ஆனாலும் தொல்லை என்றால் கார்புரேட்டரைத் தொடலாம். கழற்றுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சல் போகும் சின்னக் குழாய்) ஒவ்வொன்றிலும் அடையாளத் துணி கட்டுங்கள். மாருதியில் ஹோஸ் இடம் மாறினாலே ஸ்லோ நிற்காது.

முதலில் கழற்றாமலே பார்க்கக்கூடியவை. ஸ்லோவில் மட்டும் அணைந்துவிடுகிறது, வேகத்தில் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோவுக்கான பைலட் ஜெட் அடைப்பு, அல்லது அந்தப் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் மின்சார வால்வான சோலனாய்டு கோளாறு. சாவியை ஆன் செய்து சோலனாய்டு வயரைக் கழற்றி மாட்டினால் "டிக்" என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கள்ளக்காற்று சந்தேகம் இருந்தால், ஓடும் எஞ்சினில் கார்புரேட்டர் அடிப்பகுதியைச் சுற்றித் தண்ணீரை மெலிதாகத் தெளியுங்கள், ஓட்டம் மாறும் இடத்தில் காற்று நுழைகிறது. சிலர் இதற்குக் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள், சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீப்பிடிக்கும்.

கழற்றிய பிறகு, ஸ்ப்ரே அடிக்கும் முன்னால் ரப்பர், டயாபிராம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஜெட்டுகளைச் சரியான அளவு திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள், பித்தளை எளிதில் வழுக்கும். துளைக்குள் இரும்புக் கம்பி, ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். தூண்டில் நரம்பு விடலாம், அப்புறம் காற்று அடியுங்கள். சோலெக்ஸ் என்ற வகைக் கார்புரேட்டரின் ஜெட்டில் 120 என்று எழுதியிருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் கணக்கு நடக்கும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் கலவை மாறிவிடும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்டால் ஓட்டை, கனமாகி மூழ்கும், நீடில் வால்வு மூடாது, ஓவர்ஃப்ளோ ஆகும். நீடிலின் கூம்பு முனையில் வளையம்போல் தேய்ந்த கோடு தெரிந்தால் நீடிலையும் அதன் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பத்மினியின் சோலெக்ஸில் நீடில் வால்வுக்கு அடியில் உள்ள வாஷரின் கனம்தான் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கும், அதனால் பழைய வாஷரைத் தொலைத்துவிட்டு கிடைத்ததைப் போட வேண்டாம்.

ஆக்ஸிலேட்டர் மிதித்தால் சுழலும் த்ராட்டில் ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அந்த இடைவெளியில் காற்று நுழையும், எத்தனை கிட் போட்டாலும் ஸ்லோ நிலைக்காது. தேய்ந்த துளையில் புஷ் (உலோக வளையம்) போட வேண்டும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, கார்புரேட்டரை கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள். அடித்தகட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்து வளைவும் பார்த்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

ஏழாம் படி: மிக்சர் வைப்பது

எஞ்சின் முழுச்சூட்டில், சோக் முழுதும் திறந்து, ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில்தான் வைக்க வேண்டும். சோலெக்ஸில் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, அழுத்தாமல், ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு ஸ்பீட் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். இந்த இரண்டையும் மாறி மாறிச் செய்தால் ஒரு இடத்தில் நிலைக்கும். எஸ்.யூ. கார்புரேட்டரில் முறையே வேறு, கீழே உள்ள ஜெட் நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும்.

எத்தனால் பெட்ரோலுக்குக் கலவை கொஞ்சம் கெட்டியாக, அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் கூடுதலாக, இருக்க வேண்டும். சுத்தமான பெட்ரோல் முழுதும் எரிய எடையில் 14.7 மடங்கு காற்று தேவை, 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 மடங்கு போதும். கார்புரேட்டர் இதைத் தானாக உணராது, அதனால் பழைய செட்டிங்கில் பெட்ரோல் பற்றாமல் ஓடும். மிக்சர் ஸ்க்ரூ ஸ்லோவை மட்டும்தான் சரிசெய்யும். மேட்டில் பிளக் வெளுத்து, எஞ்சின் தட்டினால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரியதாகப் போட்டுப் பாருங்கள். பழைய ஜெட்டை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம். சமவெளியில் வைத்த செட்டிங் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும், காற்று அங்கே லேசானது. ஆகவே எந்த ஊரில் அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கே வைத்து செட் செய்யுங்கள்.

சாலையில் பார்ப்பது

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும் சாலை சோதனைக்கு நல்லது, தொடர்ந்து மேடு கிடைக்கும். தொப்பூர் இறக்கத்தில் சோதனை ஓட்டம் வேண்டவே வேண்டாம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றால் பிரேக் மிதி கட்டையாகும், அந்த இறக்கத்தில் அது பெரிய ஆபத்து.

மேட்டில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் கிளட்ச் மிதித்து, எஞ்சினை ஆஃப் செய்து ஓரமாக நிறுத்துங்கள். ஸ்லோவில் ஓடவிடாமல் நிறுத்திய எஞ்சினின் பிளக் நிறம்தான் மெயின் ஜெட்டின் உண்மையான நிலையைக் காட்டும். ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஹோஸ் முனையையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்கி, ஃபில்டரில் கசடு சேர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புது ஹோஸ் போட்ட பிறகு டேங்கிலிருந்து கிளம்பும் முதல் கசடு அதில்தான் வந்து சேரும் என்பதால் டிக்கியில் உபரியாக ஒரு ஃபில்டர், அரை மீட்டர் ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு திருப்புளி எப்போதும் இருக்கட்டும்.